அரைப் பங்குக்கும் ஒரு முடிவு உண்டு!



ஏப்ரல் 15 வந்துவிட்டால் காரைக்கால்மேட்டு விசைப்படகுகள் கட்டிப் போடப்படும். ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகு ஓடாது. ஐஸ் உடைக்கும் சத்தம் அடங்கிவிடும். வலையைச் சீர் பார்க்கும் கைகள் மட்டும் ஓய்வதில்லை. பள்ளிக்கூடத்தில் பொதுத்தேர்வுகள் முடிவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். வீட்டில் வருமானம் நின்றுவிட்டது. பையனுக்குப் பள்ளியும் இல்லை. என்ன நடக்கும்?

பதினாறு வயதுப் பையன் ஒருவன் மேட்டிலிருந்து டவுனுக்குப் புறப்பட்டு வருகிறான். பாரதியார் வீதியில் நம் சமுதாயத்தவர் கடை ஒன்றின் முன்னால் நிற்கிறான். கொஞ்ச நேரத்தில் நம் தெருப் பையன் ஒருவனும் அதே கடைக்கு வருகிறான். அவனுடைய வாப்பா சபுரில் இருந்து திரும்பி வந்து இரண்டு வருடமாகிறது. திரும்பப் போக வழியில்லை. ஒருவன் "பாய்" என்று அழைக்கிறான். மற்றவன் "மாமா" என்று அழைக்கிறான். கேட்பது ஒன்றுதான்: "வேலை இருக்கா?"

கல்லாவில் இருப்பவர் சொல்லும் பதிலும் நமக்குத் தெரிந்ததுதான். "வேலை இருக்கு தம்பி. சம்பளம்னு பெருசா எதிர்பார்க்காதே. மொதல்ல வேலையைக் கத்துக்க."

இந்தப் பதில் நியாயமா? இதைத்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறோம்.

வியாபாரியின் வாதம்

வியாபாரியின் பக்கத்தை முதலில் கேட்போம். அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நீதியல்ல.

"அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை ஏற்றிக்கொண்டே போகிறது. துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் தெரியாத பையனுக்கும் அதே கூலி, பத்து வருடம் நின்று பழகிய ஆளுக்கும் அதே கூலி என்றால் நான் எதற்காகப் பையனை எடுக்க வேண்டும்? வடக்கேயிருந்து வருகிற வளர்ந்த ஆள் இரவு பத்து மணி வரை நிற்பான். அவனையே வைத்துக்கொள்வேன். கூலியை ஏற்றச் சொல்கிறவர்கள்தான் பையன்களின் வயிற்றில் அடிக்கிறார்கள்."

ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும்போது இப்படிப் பேசுகிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரு மளிகைக் கடையில் நாளொன்றுக்கு 20,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எட்டு ரூபாய் நிற்கிறது என்றால் 1,600 ரூபாய். பையனுக்கு 200 ரூபாய் கொடுத்தவர் 300 கொடுக்க வேண்டியிருந்தால் அந்த 1,600-ல் 100 ரூபாய் குறையும். வலிக்கும், ஆனால் கடை மூடாது. 3,000 ரூபாய் விற்பனையில் பெட்டிக்கடை நடத்துகிறவருக்கோ அதே கணக்கில் நிற்பது 240 ரூபாய்தான். அவரால் 200-ம் முடியாது, 300-ம் முடியாது. அவர் கடையில் நிற்பது அவருடைய சொந்த மகனாகத்தான் இருக்கும்.

ஆக, கூலி ஏறும்போது அடி விழுவது எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி அல்ல. நடுவில் இருக்கிற கடைதான் யோசிக்கும். அது என்ன முடிவு எடுக்கும் என்பதில்தான் அந்த இரண்டு பையன்களின் கதி அடங்கியிருக்கிறது.

வாஞ்சூர் போல ஓர் எல்லை

இந்தக் கேள்வியை உலகத்தில் நாம்தான் முதன்முதலாகக் கேட்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நமக்கு வாஞ்சூர் எல்லை தெரியும். இந்தப் பக்கம் புதுச்சேரி அரசின் அறிவிப்பு. அந்தப் பக்கம் நாகூரில் தமிழக அரசின் அறிவிப்பு. ஒரே பாஷை, ஒரே சரக்கு, ஒரே வாடிக்கையாளர். கூலிச் சட்டத்தில் மட்டும் இரண்டு அரசுகள். அமெரிக்காவிலும் இப்படி ஓர் எல்லை உண்டு. நியூஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவில் உயரவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரு பக்கத்திலும் உள்ள 410 துரித உணவுக் கடைகளை விசாரித்தார்கள். அந்த ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலாக வேலைக்குப் போவது இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான்.

கூலி ஏறிய பக்கத்தில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை! 1994-ல் அவர்கள் இதை வெளியிட்டபோது பெரிய சர்ச்சை எழுந்தது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் என்ற வேறு இருவர் கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்து, வேலை குறைந்தது என்றுதான் கணக்கு காட்டுகிறது என்று 2000-ல் எழுதினார்கள். சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு முன்பே 2019-ல் இறந்துவிட்டார்.

அதே 2019-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம் ஒரு மதிப்பீடு தந்தது. நாடு முழுவதும் கூலியை 2025-க்குள் 15 டாலராக ஏற்றினால் 1 கோடியே 70 லட்சம் பேருக்குச் சம்பளம் உயரும். ஏறக்குறைய 13 லட்சம் பேர் வேலை இழக்கக்கூடும் என்றது.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அளவோடு ஏறினால் வேலை பெரிதாகப் போவதில்லை. ஒரே தாவலாக ஏறினால் கடைசியாக வந்தவனும், ஒன்றும் தெரியாதவனும், அதாவது நம் பதினாறு வயதுப் பையனும்தான் முதலில் பாதிக்கப்படுவான். "கூலி ஏறினால் வேலையே போய்விடும்" என்பதும் முழு உண்மையல்ல; "ஒன்றுமே ஆகாது" என்பதும் முழு உண்மையல்ல.

நம் சபுராளிகள் அதிகம் இருக்கும் மலேசியாவைப் பாருங்கள். அங்கே 2013 ஜனவரியில்தான் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட் ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு மட்டும் ஆகஸ்ட் வரை தவணை கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பு! நாசிக் கண்டார் கடைகள் மூடிப்போய்விட்டனவா? இல்லையே! படிப்படியாக ஏற்றினார்கள், சின்னக் கடைக்கு மூச்சு விட நேரம் கொடுத்தார்கள்.

"பையனுக்கு மட்டும் குறைத்துக்கொள்ளலாமே" என்ற யோசனையும் புதிதல்ல. பிரிட்டனில் 1999-ல் குறைந்தபட்சக் கூலி வந்தபோதே 18 முதல் 21 வயது வரை தனி விகிதம் வைத்தார்கள். காரைக்காலை ஆண்ட பிரான்ஸ் நாட்டில், நம் ஊர்க் குடும்பங்கள் பல இன்றும் வாழ்கிற அந்த நாட்டில், 1994-ல் பிரதமர் பலடூர் இளைஞர்களைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் 80 சதவீதத்துக்கு வேலைக்கு எடுக்கலாம் என்று ஓர் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தார். மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். அந்த மார்ச் மாதம் முடிவதற்குள் அரசு அதைத் திரும்பப் பெற்றது. "எங்கள் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஏன் குறைகிறது?" என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் கேள்வி.

நம் நாட்டிலேயே நடந்தது

வெளிநாட்டை விடுங்கள். நம் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு பகுதிகளின் நூற்பாலைகளை நினைத்துப் பாருங்கள். "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரை மறந்திருக்க மாட்டீர்கள். ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை, பதினெட்டு வயது நிரம்பாதவர்களையும், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலைக்கு அழைத்துச் சென்றார்கள். விடுதியில் தங்க வேண்டும். முடிவில் 30,000, 50,000 என்று மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு உதவும் என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "பயிற்சியாளர்"! தொழிலாளி அல்ல, பயிற்சியாளர். எனவே தொழிலாளிக்கு உரிய கூலி வேண்டியதில்லை. இதுதான் சூட்சுமம்.

2008-ல் தமிழக அரசு, ஆலைப் பயிற்சியாளர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, நாளொன்றுக்கு 110 ரூபாயும் அகவிலைப்படியும் என்று அறிவித்தது. ஆலைத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2009-ல் அரசின் அறிவிப்பே நின்றது.

பெண் பிள்ளைகளின் வேலை போய்விட்டதா? போகவில்லை. நெதர்லாந்தின் சோமோ என்ற ஆய்வு நிறுவனம் 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகளைப் பார்த்தால், பிள்ளைகள் அதே விடுதிகளில் இருந்தார்கள். அதே நூல் இயந்திரங்களின் முன்னால் நின்றார்கள். ஆலைகளுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். எனவே வேலை இருந்தது. போனது வேறு. சட்டம் சொன்ன கூலியைச் சரியாகக் கையில் கொடுப்பது நடக்கவில்லை. "பயிற்சி" என்பதிலும் மூன்று வருடம் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? சில மாதங்களில் கைவந்துவிடும் வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சியா?

இங்கேதான் நாம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் வாதம், சட்டம் சொன்ன கூலியைப் பெரும்பாலோர் கொடுக்கிற நாட்டின் வாதம். கொடுத்தால் வேலை குறையுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நம் ஊரிலோ பெரும்பாலான கடைகளில் பையனுக்குச் சட்டப்படியான கூலியைக் கொடுப்பதே இல்லை! கொடுக்காத கூலி ஏறியதால் வேலை போய்விட்டது என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

சட்டம் சொல்வது என்ன?

கூலியின் வரலாறு புதுச்சேரி மண்ணுக்குப் புதிதல்ல. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா ஆலையில் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-ல் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சு இந்தியாவில் சட்டமானது. ஆகவே சட்டம் என்றால் டெல்லியில் யாரோ எழுதிய தாள் என்று எண்ணாதீர்கள். உயிரைக் கொடுத்து வாங்கியது அது.

1948-ன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தனி விகிதம் நிர்ணயிக்க அரசுக்கு இடம் தந்திருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. முன்பு அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டும் இருந்த குறைந்தபட்சக் கூலி இதில் எல்லாத் தொழிலுக்கும் விரிகிறது. விகிதத்தை வகுக்கும்போது அது முதன்மையாகப் பார்ப்பது வேலைக்கு வேண்டிய திறனையும் இடத்தையும்தான், வயதை அல்ல. குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மறுபடியும் அதே தவறு என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "பையனே ஒப்புக்கொண்டுதான் வந்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது. கூலி குறைவு என்பது ஒப்புதலால் ஹலால் ஆகிவிடும் விஷயமல்ல.

இன்னொரு சட்டமும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதும், கலைத்துறையில் சில வேலைகளும் மட்டுமே விலக்கு. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 14 முதல் 18 வரை ஆபத்தில்லாத வேலைக்கு வைக்கலாம். ஆனால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. அதன்பின் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குள் அவன் நாள் முடிந்துவிட வேண்டும். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை.

வியாபாரிகளே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! பையனை எடுக்க நீங்கள் தயங்குவதற்குக் காரணம் கூலியா, இந்த ஆறு மணி நேரமா? கடையில் கூட்டம் சேர்வதே மஃரிபுக்குப் பிறகுதான். இஷா நேரத்தில் அவன் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்களுக்கு வேண்டியது இரவு பத்து மணி வரை நிற்கும் ஆள். அதைச் சொல்ல முடியாமல் பழியைக் கூலியின் மேல் போடுகிறோமா இல்லையா?

கடலில் உள்ள நியாயம்

இப்போது மேட்டுக்குத் திரும்பி வருவோம். அங்கே மாதச் சம்பளம் இல்லை, பங்கு. எண்ணெய்ச் செலவு, ஐஸ் செலவு போக மிச்சம் இருப்பதைப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். புதிதாகக் கடலுக்கு வரும் பையனுக்கு முழுப் பங்கு கிடையாது. அரைப் பங்குதான். ஏன்? அவனுக்கு வலை இழுக்கத் தெரியாது, நீரோட்டம் தெரியாது, வாந்தி எடுத்துக்கொண்டு ஓரமாய்ப் படுத்திருப்பான். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். பையனும் ஏற்றுக்கொள்கிறான்.

ஆனால் கவனியுங்கள். அரைப் பங்குக்கு ஒரு முடிவு உண்டு! அவன் ஒரு முழு ஆளின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டால் அவனுக்கு முழுப் பங்கு தர வேண்டும். தராத படகில் அவன் ஏற மாட்டான். பக்கத்துப் படகுக்குப் போய்விடுவான். அவன் என்ன கற்றுக்கொண்டான் என்பதை அந்தப் படகில் உள்ள எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். மறைக்க முடியாது.

நம் வியாபாரத்திலும் ஒரு காலத்தில் இந்த நியாயம் இருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் ரங்கூனிலும் கடை வைத்த நம் முன்னோர்கள் ஊரிலிருந்து பையனை அழைத்துப் போவார்கள். கடையிலேயே படுப்பான், கடையிலேயே சாப்பிடுவான். சம்பளம் என்று பார்த்தால் சொற்பம். ஆனால் அவனுக்குக் கொள்முதல் தெரிந்தது, கணக்கு எழுதத் தெரிந்தது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று தெரிந்தது. சில வருடத்தில் கல்லாவில் உட்கார்ந்தான். பிறகு பங்காளி ஆனான், அல்லது தனிக்கடை போட்டான். இன்று ஊரில் நிற்கும் பெரிய வீடுகள் பலவற்றின் ஆரம்பம் இப்படிப்பட்ட ஒரு கடைப் பையன்தான்.

குறைந்த கூலி அன்று கற்றுக்கொடுப்பதற்கு ஈடாக இருந்தது. அதில் குறைகளும் இருந்தன; அடியும் உதையும் இருந்தன. அதை நாம் அழகுபடுத்திச் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இன்றைக்கு என்ன நடக்கிறது? பார்சல் கட்டு, டீ வாங்கி வா, மூட்டையை இறக்கு, ஷட்டரை இறக்கு! கொள்முதல் விலை பையன் காதில் விழக்கூடாது, கணக்கு கம்ப்யூட்டரில், கல்லாப் பக்கம் வரக்கூடாது. கற்றுக்கொடுப்பது போய்விட்டது, குறைந்த கூலி மட்டும் மிச்சம் இருக்கிறது. இது பங்கு அல்ல, பயிற்சியும் அல்ல. மலிவான ஆள், அவ்வளவுதான்.

மலிவு என்ற ஒரே காரணத்துக்காக எடுத்த பையனை, கூலி ஏறினால் நிச்சயம் நிறுத்துவார்கள். உண்மை. ஆனால் அவன் இழந்தது எது? வருங்காலம் இல்லாத ஒரு நிற்குமிடம்! வேலையில் எதையாவது கற்று, கடைக்குத் தேவையானவனாக ஆகிவிட்ட பையனை எந்த முதலாளியும் நூறு ரூபாய்க்காக இழக்க மாட்டார். நூற்பாலைகள் அந்தப் பெண் பிள்ளைகளை இழக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வாப்பாவின் கூலி, மகனின் பள்ளி

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். பதினைந்து வயதில் பையன் ஏன் கடைவாசலில் நிற்கிறான்? வீட்டில் பெரியவருடைய கூலி போதவில்லை.

1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று ஆள் கணக்குக்கு உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் என்று கணக்கிட்டது. அதில் ஒரு முக்கியமான வாசகம் உண்டு. மனைவியும் பிள்ளைகளும் வளரிளம் பருவத்தினரும் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதுதான் அது. அதாவது, பிள்ளை வேலைக்குப் போகாமலேயே குடும்பம் நடக்கும் அளவுக்கு வாப்பாவின் கூலி இருக்க வேண்டும் என்பதே குறைந்தபட்சக் கூலியின் அடிப்படை!

2017-ல் மத்திய அரசு அறிவித்த தேசிய அடிநிலைக் கூலி நாளொன்றுக்கு 176 ரூபாய். மத்திய அரசே அமைத்த வல்லுநர் குழு 2018 ஜூலை விலைவாசிப்படி 375 ரூபாய் வேண்டும் என்று 2019-ல் சொன்னது. 176 எங்கே, 375 எங்கே! இந்த இடைவெளியில்தான் பிள்ளைகளின் படிப்பு விழுந்து கிடக்கிறது.

பொருளாதார அறிஞர் கௌசிக் பாசு இதை 1998-லேயே எழுதினார். பெற்றோர் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது பேராசையால் அல்ல, வறுமையால். பெரியவர் கூலி ஓர் அளவைத் தாண்டினால் பிள்ளையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள் என்றார். பின்னர் 2000-ல் ஓர் எச்சரிக்கையும் செய்தார். கூலியை உயர்த்துவதால் பெரியவர்களில் சிலர் வேலை இழந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வேலைக்கு வந்துவிடும் ஆபத்தும் உண்டு என்றார். ஆகவே கூலி உயர்வு மட்டும் போதாது. பெரியவருக்கு வேலையும் இருக்க வேண்டும், பையனுக்குப் பள்ளியும் இருக்க வேண்டும்.

வணிகர்களுக்கு

முன்வாசல் ஒன்று திறந்திருக்கும்போது ஏன் கொல்லைப்புறமாக வருகிறீர்கள்? கற்றுக்கொள்ளும் பையனுக்குக் குறைத்துக் கொடுக்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் அது. நான்கு பேர் முதல் வேலை செய்யும் கடையும் விரும்பினால் பழகுநரை எடுக்கலாம். 2019-ல் திருத்திய விதிகள், பத்தாம் வகுப்பு முடித்த பழகுநருக்கு முதலாண்டில் மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூட வேண்டும் என்றும் வகுத்தன. 2016-ல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம், என்ன கற்றுத்தருவது என்ற பட்டியல், முடிவு தேதி எல்லாம் இதில் உண்டு. கடலில் உள்ள அரைப் பங்கு நியாயமும் இதுதானே!

பழகுநராக எடுக்க முடியாத கடைக்காரர் சட்டப்படியான கூலியை முழுதாகக் கொடுங்கள். முழு நாளுக்கு முடியாவிட்டால் விடுமுறையில் சில மணி நேர வேலைக்கு எடுங்கள். வயதுச் சான்றைப் பாருங்கள். ஏழு மணிக்கு அனுப்பிவிடுங்கள். கொள்முதலுக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். மாலையில் கணக்கைக் காட்டுங்கள். வியாபாரத்தில் பரகத் என்பது கல்லாவில் மட்டும் இருப்பதில்லை.

இளைஞர்களுக்கு

தம்பிகளே, கிடைத்தால் போதும் என்று எந்தக் கடையிலும் போய் நின்றுவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். சம்பளம் எவ்வளவு? என்ன கற்றுக்கொள்வேன்? அடுத்த வருடம் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் உங்கள் பதினாறாவது வயதை அடகு வைக்காதீர்கள். அந்த வயது திரும்பி வராது. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உரிமை. அதே நேரத்தில் கற்றுத்தருகிறவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு முழுப் பங்கு கொடு என்று எந்தப் படகிலும் கேட்க முடியாது.

முடிந்தவரை பள்ளியை விடாதீர்கள். பன்னிரண்டு முடித்தவனுக்கும் பத்தில் நின்றவனுக்கும் உள்ள வித்தியாசத்தை, சபுரில் இருக்கும் உங்கள் மாமாவிடம் கேளுங்கள். அவர் சொல்லுவார்.

நமக்கெல்லாம்

கூலியைப் பற்றி மிம்பரில் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாரும் இல்லை. உழைத்தவன் உரிமையைத் தாமதிக்காமல் கொடு என்பது நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதல்ல. பிறர் கூலியை மறுத்தால் கொதிக்கிறோம். நம் கடையில் நிற்கும் பையன், மேட்டுப் பையனானாலும் தெருப் பையனானாலும், அவனுக்கும் அதே அளவுகோல்தானே?

ஜமாஅத் நிர்வாகிகளும் வணிகர் சங்கத்தாரும் உட்கார்ந்து பேசினால், அடுத்த தடைக்காலத்துக்குள் ஒரு பொது முறையைக் கொண்டுவர முடியும். எந்தக் கடையில் பையன் வேண்டும், எத்தனை மணி நேரம், என்ன கூலி, என்ன பயிற்சி என்று ஒரு பட்டியல் இருந்தால் போதும். எல்லாக் கடையும் ஒரே கூலி கொடுத்தால், "பக்கத்துக் கடைக்காரன் குறைத்துக் கொடுக்கிறான், நான் மட்டும் எப்படி?" என்ற சாக்கு யாருக்கும் இருக்காது. அந்தச் சாக்கை ஒழிக்கத்தான் குறைந்தபட்சக் கூலி என்ற சட்டமே வந்தது.

அடுத்த ஏப்ரலில் அந்த இரண்டு பையன்களும் மறுபடி வருவார்கள். "பாய், வேலை இருக்கா?" என்று ஒருவனும், "மாமா, வேலை இருக்கா?" என்று மற்றவனும் கேட்பார்கள். கல்லாவில் இருப்பவர் இப்படிச் சொல்லட்டும்:

"இருக்கு தம்பி. கூலி இவ்வளவு. கத்துக்கறது இது. அடுத்த வருஷம் இவ்வளவு. ஏழு மணிக்கு வீட்டுக்குப் போயிடணும்."

இப்படிச் சொல்ல நமக்கு என்ன தடை? சிந்தியுங்கள்!